வில்லனுக்கு முகம் கொடுத்ததும் அந்தப் பயம் எங்கே போய்விடுகிறது?

நள்ளிரவு_வாசகி கேட்டது:

ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. ஃபேன்டஸி நாவல்களைப் படித்துவிட்டு, அதே கதையைப் படமாகவும் விடாமல் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

பதினைந்து வயதில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படித்தேன், சவ்ரான் என்ற வில்லனின் மோதிரத்தை அழிக்க ஃப்ரோடோ கிளம்பிப் போகும் கதை. படம் பார்ப்பதற்கு முன்பே புத்தகம் கைக்கு வந்ததை இன்றைக்கும் பாக்கியமாகத்தான் நினைக்கிறேன். எல்ஃப் இனத்துத் தலைவி கலாட்ரியலின் நீர்க்கண்ணாடிக்குள் ஃப்ரோடோ எட்டிப் பார்க்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? முதலில் கடல், கப்பல்கள், போர்ப்புகை என்று ஏதேதோ தெரியும். அப்புறம் தண்ணீர் முழுக்க இருட்டிவிடும். அந்த இருட்டுக்குள் ஒரு கண், சவ்ரானின் கண், மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வரும். சுற்றிலும் நெருப்பு விளிம்பு. கண் மட்டும் பூனைக்கண் மாதிரி மஞ்சளாக, பளிங்கு பூத்தாற்போல் இருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் பிளவு. அந்தப் பிளவுக்கு உள்ளே ஒன்றுமே கிடையாது. அந்தக் கண் இங்கும் அங்கும் தேடுகிறது, தன்னைத்தான் தேடுகிறது என்று ஃப்ரோடோவுக்குப் புரிந்துவிடும்.

படித்த அன்றைக்கு விளக்கை அணைக்கவே முடியவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் வெட்டவில்லை, துரத்தவில்லை. ஒரு பார்வை தேடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பீட்டர் ஜாக்சனின் படங்கள். 2001 முதல் 2003 வரை மூன்று படங்கள், மூன்றையும் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எனக்கு அந்தப் படங்கள் மேல் கோபமே கிடையாது. ஆனால் கோபுர உச்சியில் எரிந்துகொண்டு, கலங்கரை விளக்கம் மாதிரி அவன் நாடான மோர்டாரின் சமவெளி மேல் ஒளியைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கும் அந்தக் கண்ணைப் பார்த்தபோது, எனக்குள் இருந்த ஒன்று அணைந்துபோனது. ஒளி எங்கே விழுகிறது என்று தெரிந்துவிட்டால் அதிலிருந்து ஒளிந்துகொள்ளலாமே! புத்தகத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. புத்தகத்தில் சவ்ரானுக்கு உடம்பு உண்டு. இதைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முன்னொரு காலத்தில் இசில்தூர் என்பவன் மோதிரத்தோடு சேர்த்து வெட்டிய விரலைப் பற்றிப் பேச்சு வரும்போது, அந்தக் கறுப்புக் கையில் நான்கு விரல்தான் இருக்கிறது, ஆனால் அதுவே போதும் என்று, மோதிரத்துக்காக அலையும் கோல்லும் சொல்வான். அவன் அங்கே சித்திரவதை பட்டுவிட்டு வந்தவன். அவன் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வரியில், யாரோ ஒருவர் மிக அருகில் நின்று அந்தக் கையைப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது. நமக்குக் காட்டப்படுவது கை மட்டும்தான். முகம் கடைசிவரை இல்லை.

படத்தின் தொடக்கத்தில் கவசம் போட்ட ராட்சசனாக சவ்ரான் வந்து, கதாயுதத்தால் வரிசை வரிசையாகப் படைவீரர்களைத் தூக்கி அடிக்கிறான். பிரமாண்டம்தான். ஆனால் அங்கே எனக்கு வந்தது வியப்பு. பயம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். எழுத்து ஒரு வில்லனை முழுதாகக் காட்டாமலே மிரட்டிவிட முடியும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை, எதையாவது காட்டித்தான் ஆகவேண்டும். அப்படிக் காட்டும்போது எந்தப் படங்கள் புத்தகத்தின் பயத்தைத் தொலைக்காமல் காப்பாற்றின? எப்படிச் செய்தார்கள்? உடையா, நிறமா, முகமா, வெளிச்சமா? தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

---

கதிர்முனை எழுதியது:

வாசகி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் படத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தை. மூன்று படங்களும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. அவ்வளவு நேரமும் எதிரி திரையிலேயே இல்லை என்றால், எதற்காக ஃப்ரோடோவும் அவன் தோழனும் மலையேறிச் சாகிறார்கள் என்று புத்தகம் படிக்காதவர் கேட்கமாட்டாரா? அந்தக் கண் ஒரு திசைகாட்டி. தூரத்தில் அது தெரியும்போதெல்லாம், இவர்கள் இன்னும் எவ்வளவு போகவேண்டும் என்பது வசனம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

அவர்களும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். மூன்றாவது படத்தின் இறுதிப் போரில் சவ்ரான் உருவம் எடுத்து நேரில் வந்து, ஃப்ரோடோவின் பக்கம் போரிடும் அரகார்னோடு சண்டை போடுவதாகவே முதலில் படம் பிடித்தார்கள். அப்புறம் அது வேண்டாம் என்று முடிவு செய்து, சவ்ரான் இருந்த இடத்தில் கிராபிக்ஸில் ட்ரோல் என்ற ஒரு ராட்சதப் பிராணியை வைத்துவிட்டார்கள். எடுத்து முடித்த காட்சியை, வில்லனைக் காட்டக் கூடாது என்பதற்காகவே மாற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

---

அரிதாரப்பெட்டி எழுதியது:

தொழில் தெரிந்தவர்கள் என்று கேட்டதால் வருகிறேன். சினிமா அனுபவம் இல்லை, நாடக மேடைக்கு ஒப்பனை செய்கிறவன். இருபது வருடமாக அரிதாரமும் பசையும்தான் வாழ்க்கை. அதனால் முகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மந்திரவாதி நாடகம். வில்லன் பார்த்தவுடனே கொடூரமாகத் தெரியவேண்டும் என்று இயக்குநர் கேட்டார். நானும் ஆசைப்பட்டு நெற்றி, கன்னம், தாடை மூன்றுக்கும் தனித்தனியாக சிலிகான் துண்டு செய்தேன். மூன்றரை மணி நேரம் ஒட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அபாரம். ஒத்திகை தொடங்கியது. நடிகர் மிகத் திறமைசாலி, ஆனால் அவர் கோபப்பட்டாலும் சிரித்தாலும் முகம் ஒரே மாதிரி இருந்தது. கன்னத்துத் தசை அசைந்தாலும் மேலே ஒட்டிய சிலிகான் அசையவில்லை. நான்காவது வரிசையில் உட்கார்ந்து பார்த்த எனக்கே அது முகமூடியாகத்தான் தெரிந்தது. இடைவேளையில் கன்னத்தையும் நெற்றியையும் பிய்த்து எடுத்துவிட்டேன். தாடையை மட்டும் விட்டேன். புருவ முடியைப் பசையால் படியவைத்து, அதன் மேல் தோல்நிறத்தைப் பூசி, புருவமே இல்லாத மாதிரி ஆக்கினேன். அவ்வளவுதான். திரும்ப மேடை ஏறி அவர் ஒருமுறை மெதுவாகக் கண்ணைச் சிமிட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உடைப் பொறுப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஹாரி பாட்டர் கதையின் வில்லன் வோல்டமார்ட் எனக்கு அந்த நாளைத்தான் ஞாபகப்படுத்துவார். புத்தகத்தில் அவர் எப்படி? மண்டை ஓட்டைவிட வெளுத்த முகம், ரத்தச் சிவப்பில் கண்கள், பாம்புக்கு இருப்பது போல் தட்டையான மூக்கில் இரண்டு கீறல். 2005இல் வந்த நான்காவது படத்தில் ரேஃப் ஃபைன்ஸ் அந்த வேடத்தில் வருகிறார். வெளுத்த தோல் இருக்கிறது, மூக்கு இல்லை, ஆனால் கண் சிவப்பாக இல்லை. நடிகரின் சொந்தக் கண்களையே விட்டுவிட்டார்கள். புத்தகம் படித்தவர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படத்திலேயே மிகச் சரியான முடிவு அதுதான். கண்ணுக்குள் நிறம் போட்ட லென்ஸ் வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது பார்வையையே மழுங்கடித்துவிடும். எங்கே பார்க்கிறார் என்பதே தெரியாது. மூக்கு போனாலும் ஒரு மனிதன் தெரிவான், கண் போனால் பொம்மைதான் மிஞ்சும்.

மூக்கையும் அவர்கள் ஒட்டி மறைக்கவில்லை. முகத்தில் புள்ளிகள் வைத்துப் படம் பிடித்து, பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணினியில் மூக்கை எடுத்தார்கள். அதனால் உதடு, கன்னம், கண்ணைச் சுற்றியுள்ள தசை எல்லாம் நடிகருக்கே மிஞ்சியது. அந்தக் கல்லறைக் காட்சியில் உயிர் திரும்பியதும் அவர் தன் முகத்தைத் தானே தடவிப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? அந்த விரல்களின் வியப்பு இருக்கிறதே, அதற்கு எந்த ஒப்பனையும் ஈடாகாது.

ஆனால் அதே வோல்டமார்ட்டின் முடிவில் எனக்கு வருத்தம் உண்டு. புத்தகத்தில் அவர் எல்லோரும் பார்க்க, பெரிய மண்டபத்தின் நடுவில், சாதாரண மனிதன் மாதிரி விழுந்து செத்துப்போவார். உடல் அங்கேயே கிடக்கும். அதைத் தூக்கி வேறொரு அறையில் வைப்பார்கள். சாவுக்கே பயந்து இத்தனையும் செய்தவனுக்கு, எல்லோருக்கும் வருகிற அதே சாவு. 2011 படத்தில் யாரும் இல்லாத முற்றத்தில் காகிதச் சாம்பல் மாதிரி உதிர்ந்து காற்றில் போய்விடுகிறார். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வெறும் பிணமாகக் கிடப்பதுதானே அவருக்குத் தண்டனை? அந்தப் பிணத்தைக் காட்டாமல் விட்டுவிட்டார்களே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் போகமாட்டேன். ஒருவர் அதே ஹாரி பாட்டர் கதையில் வரும் கொடுமைக்கார ஆசிரியை அம்ப்ரிட்ஜ். புத்தகம் அவரைத் தவளை என்றே சொல்லிவிடுகிறது. அகன்ற முகம், பிதுங்கிய கண், தலையில் உட்கார்ந்த கறுப்பு ரிப்பன்கூட தவளை பிடிக்கப்போகும் ஈ மாதிரித் தெரியும் என்று வர்ணனை. 2007 படத்தில் இமெல்டா ஸ்டான்டனுக்கு அந்தத் தவளை முகத்தைப் போடவே இல்லை. மாறாக இளஞ்சிவப்பு. உடை வடிவமைத்தவர் ஜானி டெமிம். அம்ப்ரிட்ஜின் அதிகாரம் ஏற ஏற அந்த இளஞ்சிவப்பு அடர்ந்துகொண்டே போகும். முதலில் மென்மையான நிறம், கடைசியில் கண்ணைக் கூசும் நிறம். சுவர் முழுக்கப் பூனைக்குட்டித் தட்டுகள். அந்த அறையில்தான் ஒரு பையனின் புறங்கையில் எழுத்து எழுத்தாகத் தோல் கிழிகிறது, அவர் தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருக்கிறார். முகத்தில் கைவைக்காமலே ஒரு வில்லியை இவ்வளவு அருவருக்க வைக்க முடியும் என்று என் உதவியாளர்களுக்கு அந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இன்னொருவர் நார்னியாவின் வெள்ளைச் சூனியக்காரி. புத்தகத்தில் பனிபோல் வெளுத்த முகம், நடுவில் ரத்தச் சிவப்பான வாய், தலையில் தங்கக் கிரீடம். 2005 படத்தில் டில்டா ஸ்விண்டனுக்கு அந்தச் சிவப்பு உதடே இல்லை. உதடும் வெளுப்பு, இமையும் வெளுப்பு. தங்கத்துக்குப் பதில் பனிக்கட்டிக் கிரீடம். குளிர்காலம் உருகத் தொடங்கியதும் அந்தக் கிரீடமும் காட்சிக்குக் காட்சி சிறுத்துக்கொண்டே வரும், போர்க்களம் வரும்போது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்தக் கிரீடம் இருந்த இடத்துக்கு ஈடாக, கொன்ற சிங்கத்தின் பிடரிமயிரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருவார். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. ஆனால் எழுதியவரே பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார் என்று நம்புகிறேன்.

---

கதிர்முனை எழுதியது:

அரிதாரப்பெட்டி, கிரீடம் சிறுக்கிற விஷயத்தை நான் இதுவரை கவனித்ததே இல்லை. இன்றைக்கே திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

நிறம் பற்றிச் சொன்னதால் ஒன்று ஞாபகம் வருகிறது. 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' கதையின் மேற்குத் திசைச் சூனியக்காரி பச்சை நிறம் என்று உலகத்துக்கே தெரியும். 1900இல் வந்த புத்தகத்தில் அவளுக்குப் பச்சைத் தோல் என்று ஒரு வரிகூட இல்லை. அதில் அவளுக்கு ஒற்றைக் கண், அது தொலைநோக்கி போல் எல்லா இடத்தையும் பார்க்கும். கையில் துடைப்பத்துக்குப் பதில் குடை. நாய் கடித்தால் ரத்தம் வராது, ஏனென்றால் பல வருடங்களுக்கு முன்பே அவள் ரத்தம் வற்றிப்போய்விட்டது. 1939 படம் டெக்னிகலர், அதாவது வண்ணப்படம். கதையில் வரும் சிறுமியின் வெள்ளிச் செருப்பு சிவப்பு மாணிக்கச் செருப்பானதும் நிறம் எடுப்பாகத் தெரியவேண்டும் என்றுதான். சூனியக்காரி பச்சையானாள். அதற்கப்புறம் வேறு எந்த நிறத்திலும் அவளை யாராலும் நினைக்க முடியவில்லை. அந்தப் பச்சையையே மையமாக வைத்து 1995இல் ஒரு நாவல் வந்து, அது மேடைக்குப் போய், 2024இல் படமாகவும் வந்துவிட்டது. அதில் அவள்தான் நாயகி. ஒரு படத்தின் மேக்கப் முடிவு அடுத்த தலைமுறையின் கதையையே எழுதியிருக்கிறது.

---

அரிதாரப்பெட்டி எழுதியது:

அந்தப் பச்சைக்கு விலை கொடுத்தவரையும் சொல்லிவிடுங்கள் கதிர்முனை. மார்கரெட் ஹாமில்டன் முகத்தில் பூசியது செம்பு கலந்த கலவை. புகையோடு மறைகிற காட்சியில் தீ முன்கூட்டியே கிளம்பி, அவர் முகமும் கையும் வெந்துபோயின. செம்பு விஷம் காயத்தில் இறங்கிவிடக் கூடாது என்று அந்தப் பச்சையை ஆல்கஹாலால் துடைத்து எடுத்தார்கள், வெந்த தோலின் மேலேயே. ஒப்பனை அறையில் நிற்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியாது எனக்கு. புதிய பசை எது வந்தாலும் முதலில் என் முன்கையில் ஒரு நாள் பூசிப் பார்த்துவிட்டுத்தான் நடிகருக்குப் போடுவேன்.

---

வாசல்தூண் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒன்று எழுதவேண்டும்போல் இருக்கிறது.

எனக்குப் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. சின்ன வயதிலேயே அறுவை செய்து தைத்துவிட்டார்கள். இப்போது மூக்கிலிருந்து உதடு வரை ஒரு தழும்பு, உதடு ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும். ஒன்பது வயதில் வகுப்பில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு மந்திரக்கதைப் படம் போட்டார்கள். வில்லன் முகமூடியைக் கழற்றுவான். கீழே உதடு கிழிந்து தைத்த முகம். அரை இருட்டு. முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கேலி செய்யவில்லை, சிரிக்கவும் இல்லை. சரிபார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கதைப் புத்தகத்தை பிறகு தேடிப் படித்தேன். வில்லனுக்கு உதட்டில் எதுவுமே இல்லை. நல்ல அழகன் என்றே எழுதியிருந்தது.

அதனால் எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. எழுத்தில் ஒருவன் கெட்டவன் என்று நிறுவ நூறு பக்கம் இருக்கிறது. படத்தில் ஐந்து வினாடி. அந்த ஐந்து வினாடிக்குத் தழும்பை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2020இல் வந்த 'தி விட்ச்சஸ்' படத்தில் நடந்ததும் அதுதான். 1983 புத்தகத்தில் சூனியக்காரிகளுக்கு நகத்துக்குப் பதில் பூனைநகம் போல் வளைந்த நகங்கள், அதை மறைக்கக் கையுறை. படத்தில் கையுறையைக் கழற்றினால் விரல்களே குறைவு, கை இரண்டாகப் பிளந்தது போல் இருக்கும். உண்மையிலேயே அப்படிப்பட்ட கையோடு பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களும் பெற்றோரும் பேசினார்கள், தங்கள் கைகளைப் படம் பிடித்துப் போட்டார்கள். தயாரிப்பு நிறுவனமும் நடித்த ஆன் ஹாத்வேயும் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2018இல், முகத்தழும்பை வில்லத்தனத்துக்கு அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி கொடுப்பதில்லை என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அறிவித்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அம்மாவுக்கு அனுப்பினேன்.

நாயகனுக்கும் தழும்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஹாரியின் தழும்பு நெற்றியில், முடி விழுந்தால் மறைகிற இடத்தில், மின்னல் மாதிரி அழகான வடிவத்தில். வாயைக் கோணவைக்கிற தழும்பு எந்த நாயகனுக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அரிதாரப்பெட்டி சொன்ன அம்ப்ரிட்ஜ் எனக்கு அவ்வளவு முக்கியம். புத்தகம் அவரை அசிங்கமான முகத்தோடு எழுதியது, படம் அந்த அசிங்கத்தை எடுத்துவிட்டு இன்னும் கெட்டவராகக் காட்டியது. அந்த ஒரு இடத்தில் புத்தகத்தைவிடப் படம் என் பக்கம் நின்றது.

---

அரிதாரப்பெட்டி எழுதியது:

வாசல்தூண், உங்கள் பதிலைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தழும்பு போட என்றே ஒரு திரவம் வைத்திருப்போம், தோலில் தடவினால் காய்ந்து இழுத்துச் சுருக்கும். அந்தக் குப்பி பாதிக்கு மேல் காலி. அதில் எவ்வளவு வில்லன்களுக்குப் போயிருக்கிறது, எவ்வளவு நல்லவர்களுக்குப் போயிருக்கிறது என்று யோசித்தேன். நல்லவர்களுக்குப் போட்டதாக ஒரு நாடகம்கூட ஞாபகம் வரவில்லை. அடுத்த மாதம் ஒரு நாடகம் இருக்கிறது. இயக்குநரிடம் பேசப்போகிறேன்.

---

நள்ளிரவு_வாசகி எழுதியது:

ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் எல்லோரும் இவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள். வாசல்தூண், எழுதியதற்கு நன்றி. என் கேள்வியில் நான் பார்க்கவே பார்க்காத ஒரு பக்கம் இருந்திருக்கிறது.

நானும் நேற்று இரவு சிலவற்றைத் திரும்பப் பார்த்தேன். 'கோரலைன்' 2009 படம். அந்தச் சிறுமி வேறொரு உலகத்தில் சந்திக்கும் 'மற்ற அம்மா' புத்தகத்தில் முதல் பார்வையிலேயே கொஞ்சம் தப்பாகத் தெரிவாள். காகித வெளுப்பில் தோல், அளவுக்கு மீறி நீண்ட விரல்கள், அந்த விரல்கள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காது. படம் அதைத் தள்ளிப்போடுகிறது. முதலில் அவள் அசல் அம்மா மாதிரியே இருக்கிறாள், இன்னும் அன்பாக, இன்னும் அழகாக. கண்ணுக்குப் பதில் பொத்தான் மட்டும்தான் வித்தியாசம். அப்புறம்தான் உயரம் கூடி, கன்னம் ஒட்டி, கடைசியில் ஊசி ஊசியாகக் கைகளோடு சிலந்தி மாதிரி ஆகிறாள். பயந்தது அந்தச் சிலந்தியைப் பார்த்து அல்ல. அவள் முதலில் திரும்பிப் பார்த்து, பொத்தான் கண்ணோடு அம்மாவின் குரலில் பேசுகிறாளே, அங்கேதான். அரிதாரப்பெட்டி கண்ணை விடக்கூடாது என்றார். இங்கே முகம் முழுவதையும் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதுவும் வேலை செய்கிறது!

இன்னொரு பக்கம், 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி'. 1979 புத்தகத்தில் எதிரியின் பெயரே 'ஒன்றுமின்மை'. அது இருக்கும் திசையில் பார்த்தால் இருட்டு தெரியாது, வெறுமைகூடத் தெரியாது, பார்வையே போய்விட்ட மாதிரி இருக்கும் என்று எழுதியிருப்பார் மிகாயேல் எண்டே. இதை எப்படிப் படம் பிடிப்பது? 1984 படத்தில் புயலும் கறுப்பு மேகமுமாக ஆக்கிவிட்டார்கள். புயலுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆனாலும் இதற்கு நானே ஒரு வழி யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது ஹாரி பாட்டர் படத்தில் ரயில் பெட்டி. டிமென்ட்டர், அதாவது மனிதர்களின் சந்தோஷத்தை உறிஞ்சும் அங்கி உருவம், வருவதற்கு முன் ஜன்னல் கண்ணாடி மேல் பனி ஊர்ந்து வரும். அந்தப் பனி ஊர்வதைத்தான் ஐந்தாறு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். அங்கியும் சொறி பிடித்த கையும் அப்புறம்தான் வருகின்றன. பயம் அதற்கு முன்பே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சவ்ரானின் தூதனையும் பார்த்தேன், நீளமான பதிப்பில் மட்டும் வருவானே, அவன். புத்தகத்தில் அவன் உயிருள்ள மனிதன். தன் சொந்தப் பெயரையே மறந்துபோனவன், 'சவ்ரானின் வாய்' என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்பவன். படத்தில் தலைக்கவசம் கண்ணை முழுக்க மூடியிருக்கிறது. வெளியே தெரிவது அழுகிய, அளவில் பெரிதாக்கிய வாய் மட்டும். முதல் தடவை பார்த்தபோது நல்ல யோசனை என்று வியந்தேன். பெயரையும் கண்ணையும் எடுத்துவிட்டு வாயை மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று. நேற்று வாசல்தூண் எழுதியதைப் படித்தபின் பார்த்தபோது அந்த வெடித்த உதட்டிலேயே கண் நின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே அந்த நான்கு விரல் வரிக்குத் திரும்பினேன். இத்தனை வருடமாக அதை சவ்ரானின் வரியாகவே வைத்திருந்தேன். கதையின் முடிவில், எரிமலைக்குள், கோல்லும் ஃப்ரோடோவின் விரலைக் கடித்துத் துண்டாக்கி மோதிரத்தை எடுத்துக்கொள்வான். அதற்கப்புறம் ஃப்ரோடோவை 'ஒன்பது விரல் ஃப்ரோடோ' என்றுதான் பாடுவார்கள். இவனுக்கும் ஒரு விரல் போனது, அவனுக்கும் ஒரு விரல் போனது. அதே மோதிரத்துக்காக. வாசல்தூண், எதிரிக்கும் நாயகனுக்கும் ஒரே காயத்தை இந்தப் புத்தகம் கொடுத்திருக்கிறது. இத்தனை முறை படித்தும் நேற்று இரவு இரண்டு மணிக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

---

வாசல்தூண் எழுதியது:

எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள். நான் படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

---

நள்ளிரவு_வாசகி எழுதியது:

கோல்லும் பேசும் இடம் இரண்டாம் பாகத்தில், கறுப்பு வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே நுழைய முடியாமல் பதுங்கியிருப்பார்களே, அங்கே. விரல் போகிற இடம் மூன்றாம் பாகம், டூம் மலை. ஆனால் தயவுசெய்து அங்கேயிருந்து தொடங்காதீர்கள். முதல் பாகத்திலிருந்து வாருங்கள், நீர்க்கண்ணாடி வந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள்.